தோளிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து தோளுக்கு

2002 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் 53ஆம் தெருவிலிருந்து ஓர் ஊர்வலம் கிளம்பியது. பெரு நாட்டுப் பித்தளை வாத்தியக் குழு வாசித்துக்கொண்டு போக, வழியில் ரோஜா இதழ்கள் இறைபட, ஆட்கள் தோளில் பல்லக்குகளைச் சுமந்து நடந்தார்கள். அவற்றில் எழுந்தருளியிருந்தவை பிக்காசோவின் ‘அவிஞான் பெண்கள்’ ஓவியம், ஜியாகோமெட்டியின் நிற்கும் பெண் சிலை, துஷாம்பின் சைக்கிள் சக்கரம் ஆகியவற்றின் நகல்கள். இன்னொரு பல்லக்கில் உயிருள்ள ஒருவர் அமர்ந்திருந்தார்: கிகி ஸ்மித் என்ற சிற்பி. நவீனக் கலை அருங்காட்சியகம் தன் கட்டடத்தைப் பெரிதாக்குவதற்காகத் தற்காலிகமாக ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குவீன்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த இடமாற்றத்தையே சாமி புறப்பாடாக மாற்றியவர் பிரான்சிஸ் அலீஸ். பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோ நகரில் வாழும் கலைஞர் அவர். புனிதர்களின் சுரூபங்கள் தெருத்தெருவாகப் போய்வருவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது.

இதை நவீனக் கலையின் மீதான கேலி என்றோ, மதச் சடங்கின் மீதான கேலி என்றோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். கேலி அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இடைக்காலக் கிறிஸ்தவப் படிமங்களைக் கையில் எடுத்த கலைஞர்களில் கணிசமானவர்கள் தூரிகையை விட்டுத் தறிக்கும் ஊசிக்கும் உடலுக்கும் ஊர்வலத்துக்கும் போயிருக்கிறார்கள். ஏன் துணி, ஏன் நிகழ்த்துதல் என்ற கேள்விக்கு விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், பழைய படிமத்துக்குப் புது ஊடகம் தேடுகிறார்கள் என்பது. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அந்தப் படிமங்களில் மிகப் பெரும் பகுதி பிறந்ததே துணியிலும் தெருவிலும்தான். சட்டமும் கண்ணாடியும் அருங்காட்சியகச் சுவரும்தான் அவற்றுக்குப் புதியவை. இன்றைய கலைஞர்கள் செய்வதில் சிறந்தவை, தெரிந்தோ தெரியாமலோ, படிமத்தை அதன் பழைய தொழிலுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அந்தத் தொழில் எது என்று பார்த்தால்தான், யார் உண்மையில் திருப்பி அனுப்புகிறார்கள், யார் வெறும் வேடம் போடுகிறார்கள் என்று பிரித்தறிய முடியும்.

இடைக்காலச் சமயக் கலை என்றதும் பீட ஓவியமும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் நினைவுக்கு வருவது, அவை அசையாமல் இடத்திலேயே இருந்து பிழைத்துக்கொண்டதால். அன்றைய மன்னர்களும் ஆயர்களும் பெரும்பணத்தைக் கொட்டியது துணியில். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பட்டும் பொன்னிழையும் கொண்டு செய்த பூத்தையலுக்கு ஐரோப்பா முழுவதும் அப்படி ஒரு கிராக்கி. 1295இல் வத்திக்கானில் எடுத்த சொத்துப் பட்டியலில் இங்கிலாந்து வேலைப்பாடு என்று குறிக்கப்பட்டவை மட்டும் நூறுக்கு மேல். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சயன் மேலங்கி அந்தக் காலத்தது. பாதிரியார் தோளில் போர்த்திக்கொள்ளும் அரைவட்டத் துணி. அதில் வரிசையாகப் புனிதர்களும் தேவதூதர்களும். அதைத் தட்டையாக விரித்துப் பார்த்தால் ஓரத்தில் இருக்கும் உருவங்கள் சாய்ந்து கிடப்பதுபோலத் தெரியும். தோளில் போர்த்தினால்தான் எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள். தையல்முறையும் அதையே சொல்கிறது: பொன்னிழையை மேலே வைத்து, அடியிலிருந்து ஒரு லினன் நூலால் அதைச் சிறு வளையமாகப் பின்பக்கம் இழுத்துப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பிடியும் ஒரு குட்டிக் கீல். அதனால்தான் அத்தனை பொன் ஏறியும் துணி விறைக்காமல் மடியும், பீடத்தைச் சுற்றி நடக்கும்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னும். அசைவு அந்தக் கலைக்குப் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரமில்லை. தையலிலேயே இருக்கிறது.

தெருவில் நடந்தது இன்னும் சுவாரசியம். வட இங்கிலாந்தின் யார்க் நகரில் நற்கருணைத் திருவிழா நாளில் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை முழுக் கதையையும் தள்ளுவண்டி மேடைகளில் நடித்துக் காட்டுவார்கள். விடியலில் தொடங்கி, ஊரின் பல இடங்களில் வண்டியை நிறுத்தி நிறுத்தி நடிப்பார்கள். ஒவ்வொரு காட்சியும் ஒவ்வொரு தொழிற்சங்கத்தின் பொறுப்பு. நோவாவின் பேழை கப்பல் தச்சர்களுக்கு, சிலுவையில் அறைவது ஆணி செய்கிறவர்களுக்கு என்று பொருத்தம் பார்த்தே பிரித்திருந்தார்கள். இறுதித் தீர்ப்பு பணக்காரத் துணி வணிகர்களின் பங்கு. 1433இல் அவர்கள் எழுதி வைத்த சாமான் பட்டியல் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. வண்டியின் பின்புறத்தை மறைக்க வண்ணம் தீட்டிய பெரிய சிவப்பு டமாஸ்க் துணி, நல்ல ஆன்மாக்களுக்கும் கெட்ட ஆன்மாக்களுக்கும் தனித்தனி உடை, இயேசுவாக நடிப்பவருக்குக் காயங்கள் வரைந்த ஒரு சட்டை, பொன்முலாம் பூசிய முகமூடி. சொர்க்கத்தில் குட்டித் தேவதூதர்களை ஓடவிடுவதற்காக ஒரு நீளமான மெல்லிய கயிறுகூடப் பட்டியலில் உண்டு. தேவாலயச் சுவரில் வரைந்திருந்த இறுதித் தீர்ப்பும் இந்த வண்டியும் ஒரே படிமத்தின் இரண்டு வடிவங்கள். ஊர் மக்களில் பெரும்பாலோர் எதை நெருங்கி நின்று பார்த்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

மூன்றாவது சாட்சி பிரான்சில், ஆன்ஜே நகரக் கோட்டையில் இருக்கிறது. ஆன்ஜு கோமகன் முதலாம் லூயி 1370களில் நெய்யச் சொன்ன திருவெளிப்பாட்டுத் திரை அது. இந்த வகைத் திரையில் படம் துணிமேல் வரைந்ததோ தைத்ததோ அன்று. வண்ண ஊடை நூல் பாவை முழுக்க மூடிக்கொண்டு போக, நெசவே படமாகிவிடும். அரசவை ஓவியர் ஹென்னகன் வரைந்து கொடுக்க, நிகோலா பத்தாய் என்ற வணிகர் நெய்ய ஏற்பாடு செய்தார். ஆறு பெரும் துண்டுகள், ஏறத்தாழ 140 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். நான்கு குதிரை வீரர்கள், ஏழு தலைப் பறவைநாகம், இடிந்து விழும் பாபிலோன் என்று யோவான் கண்ட உலக முடிவு முழுவதும் அதில் இருக்கிறது. இன்று அது கோட்டையில் ஓர் இருட்டுக் கூடத்தில் நிரந்தரமாகத் தொங்குகிறது. அன்று அது பயணப்பட்டது. 1400இல் லூயியின் மகனுக்கு ஆர்ல் நகரில் கல்யாணம் நடந்தபோது அங்கே கொண்டுபோய் ஆயர் மாளிகையின் முற்றத்தில் கட்டினார்கள். 1480இல் ஆன்ஜு வம்சத்து ரெனே மன்னர் அதை ஆன்ஜே பேராலயத்துக்கு எழுதிவைத்தார். அங்கே பெரிய திருநாள்களில் மட்டும் வெளியே எடுத்து விரித்தார்கள். பின்புறமும் முடிச்சு தெரியாமல் முன்புறம் போலவே துப்புரவாக நெய்யப்பட்ட துணி அது. எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கப்படும் என்று தெரிந்தே செய்த வேலை.

இந்த மூன்றுமே பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டன, அல்லது அழிந்தன. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்தபோது இங்கிலாந்தின் மேலங்கிகளில் பல பொன்னுக்காக எரிக்கப்பட்டன, சில துண்டு துண்டாக வெட்டுண்டன. யார்க்கின் வண்டிகள் 1569க்குப் பிறகு ஓடவில்லை. ஆன்ஜே திரையைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அறுத்து, ஆரஞ்சு மரங்கள் பனியில் கருகாமல் போர்த்தவும் குதிரை லாயத்தில் விரிக்கவும் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஞ்சிய துண்டுகளைத் தேடிச் சேர்த்ததில் சுமார் 100 மீட்டர் தேறியது. காப்பாற்றியவர்கள் சுவரில் மாட்டினார்கள், கண்ணாடிக்குள் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சம் பட்டாலே சாயம் போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பட்டும் மாலையும் இல்லாமல், பீடத்தில் தண்டு கோர்க்கும் துளைகளோடு நிற்கும் சோழர் காலத்து உற்சவரைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே தேவையில்லை. அழகு தங்கியிருக்கிறது, வேலை போய்விட்டது.

அந்த வேலை மறுபடி தொடங்கிய இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது ஆன்ஜேதான். 1930களின் இறுதியில் ழான் லூர்சா என்ற பிரெஞ்சு ஓவியர் அந்தத் திரையைப் பார்த்தார். முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்தவர் அவர். அவர் காலத்தில் பிரெஞ்சுத் திரை நெசவு, எண்ணெய் ஓவியத்தை நூலில் நகலெடுக்கும் தொழிலாகச் சுருங்கிக் கிடந்தது. ஒரு கன்னத்தின் சிவப்பைக் காட்ட நூற்றுக்கணக்கான சாயங்கள். ஆன்ஜேயில் அவர் கண்டதோ அவுரியைப் போல நீலம் தரும் செடியும் மஞ்சிட்டி வேரும் மஞ்சள் பூச்செடியும் கொடுத்த சில நிறங்கள், பருமனான நூல், அதிலிருந்து எழுந்த ஓர் உலக முடிவு. அவர் ஓவியத்தின் நிழலிலிருந்து தறியை வெளியே கொண்டுவந்தார். 1957இல் தொடங்கி 1966 ஜனவரியில் இறக்கும்வரை ‘உலகத்தின் பாட்டு’ என்ற வரிசையில் பத்துத் திரைகள், சுமார் 80 மீட்டர் நீளத்துக்கு, ஓபுசோன் ஊர் நெசவாளர்களைக் கொண்டு உருவாக்கினார். தொடக்கத் திரைகளில் அணுகுண்டு அச்சுறுத்தல், ஹிரோஷிமாவில் கருகிய மனிதன், பிணக்குவியல், எல்லாவற்றின் முடிவு. பிறகு மனிதன், நீர், விண்வெளி, கவிதை என்று பயணம் வெளிச்சத்துக்கு ஏறுகிறது. யோவானின் காட்சியில் அழிவை அனுப்பியவர் கடவுள், அழிவுக்குப் பின் புதிய எருசலேமைத் தந்தவரும் அவரே. லூர்சாவின் திரையில் இரண்டையும் மனிதனே செய்தாக வேண்டும். மறுவாசிப்பு என்றால் இந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பது என் கட்சி: உருவத்தை மட்டும் இரவல் வாங்காமல், அந்த உருவம் எந்தக் கேள்விக்கு விடையாக இருந்ததோ அந்தக் கேள்வியையே மறுபடி கேட்பது.

கிகி ஸ்மித்தும் ஆன்ஜே வழிதான் வந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2011க்கும் 2017க்கும் இடையில் சுமார் மூன்று மீட்டர் உயரமுள்ள பன்னிரண்டு திரைகளை உருவாக்கினார். தாளில் முழு அளவில் வரைந்து ஒட்டிய படங்களைக் கலிபோர்னியாவின் ஓக்லந்தில் உள்ள மக்னோலியா பதிப்பகம் கணினிக் கோப்பாக்க, பெல்ஜியத்துத் தறியில் அவை நெய்யப்பட்டன. ‘பூமி’ என்ற திரையில் மரங்களுக்கிடையே நிர்வாணப் பெண்ணும் பாம்பும். ஏவாள் என்று உடனே தெரிகிறது, ஆனால் வெட்கமோ விரட்டலோ இல்லை. ‘சபை’ என்ற திரையில் ஒரு பெண்ணைச் சுற்றி மான், ஆந்தை முதலிய காட்டு உயிர்கள். தேவாலயத்தில் கூடும் விசுவாசிகளின் இடத்தில் விலங்குகள். மீட்சிக் கதையின் நடுவில் இருந்த மனிதனைச் சற்றே ஓரம் தள்ளி உட்காரச் சொல்லும் வேலை இது. அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் இவை கண்காட்சிக் கூடத்தை விட்டு இறங்காத திரைகள். பல்லக்கில் ஏறிப் பாலம் கடந்த அதே கலைஞர், தன் துணியைச் சுவரோடு விட்டுவிட்டாரே என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

கிரேசன் பெர்ரி அப்படி விடவில்லை. 1960இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்த மண்பாண்டக் கலைஞர். 2003இல் டர்னர் பரிசை வாங்க, கிளேர் என்று தான் பெயரிட்ட பெண் வேடத்தில் கவுன் அணிந்து போனவர். 2012இல் அவர் செய்த ‘சிறு வேறுபாடுகளின் வீண்பெருமை’ என்ற ஆறு திரைகள், டிம் என்ற ஏழைக் குடும்பத்துப் பையன் கணினி மென்பொருளில் கோடீஸ்வரனாகிச் சாவதைச் சொல்கின்றன. ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் 18ஆம் நூற்றாண்டுக் கதைப் படங்கள் எலும்புக்கூடு என்றால், சதை 15ஆம் நூற்றாண்டுத் தேவாலய ஓவியங்களிலிருந்து வருகிறது. முதல் திரையில் குழந்தையை வணங்க வரும் இடையர்களுக்குப் பதில் இரண்டு கூண்டுச் சண்டை வீரர்கள். அவர்கள் கையில் உள்ளூர்க் கால்பந்து அணியின் சட்டையும் சுரங்கத் தொழிலாளியின் விளக்கும். நான்காவதில் மங்கள வார்த்தைக் காட்சி. ஆனால் வந்திருக்கும் செய்தி கம்பெனி விலைபோனது. கடைசித் திரையில் நொறுங்கிய பெராரி காருக்குப் பக்கத்தில் ஒரு செவிலியின் மடியில் டிம் கிடக்கிறான், ரோகியர் வான் டெர் வைடன் வரைந்த இறந்த கிறிஸ்துவைப் போல. சுற்றி நிற்பவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த உடல் கிடக்கும் கோணத்தை ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் தாங்கிப் பிடித்திருப்பதால், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

பெர்ரி எனக்கு முக்கியமாவது அதற்கு அடுத்த படியில். 2010இல் தன் சிறுவயதுக் கரடி பொம்மையை, தான் பாதிக் கடவுளாகவே வைத்திருக்கும் ஆலன் மீசல்ஸை, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிறு சன்னதியில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனி வழியாக யாத்திரை போனார். 2015இல் எசெக்ஸின் ராப்னஸ் கிராமத்தில், கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து வழியோர யாத்திரைக் கோயிலைப் போன்ற ஒரு வீட்டைக் கட்டினார். அதன் புனிதர் ஜூலி கோப், பெர்ரி கற்பனையில் படைத்த சாதாரண எசெக்ஸ் பெண்மணி. 1953 வெள்ளத்தின்போது பிறந்து, இருமுறை மணந்து, கொல்செஸ்டரில் கறி கொண்டுபோன மொபெட் மோதிச் செத்தவர். வீட்டுக்குள் அவர் வாழ்க்கை இரண்டு பெரும் திரைகளில் விரிகிறது. உச்சியிலிருந்து சரவிளக்காக அந்த மொபெட் தொங்குகிறது. புனித கத்தரீனாளுக்குச் சக்கரம், புனித லாரன்ஸுக்கு இரும்புக் கட்டில் என்று வேதசாட்சிகளைக் கொல்ல எடுத்த கருவியே அவர்களின் அடையாளமாகும் பழைய இலக்கணத்தை இவ்வளவு கச்சிதமாகப் புரிந்துகொண்ட வேறு சமகாலப் படைப்பு எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் வாடகை கொடுத்துத் தங்கலாம். யாத்திரை சுற்றுலாவாகிவிட்டதே என்று முகம் சுளிக்க வேண்டாம். கேன்டர்பரி வழியில் சத்திரம் நடத்தியவர்களும் காசு வாங்கித்தான் படுக்கை கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும்: நம்பிக்கை இல்லாதவர்கள் நம்பிக்கையின் உருவங்களை எடுத்து விளையாடலாமா? இந்தக் கேள்வி கடுமையாக எழுந்த சம்பவம் 1994இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நடந்தது. பெந்தகொஸ்தே குடும்பத்தில் வளர்ந்து, எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்த ரான் ஏத்தி, அம்பு தைத்த புனித செபஸ்தியாரின் உருவத்தைத் தன் உடலாலேயே பலமுறை நிகழ்த்தியவர். அந்த ஆண்டு நிகழ்ச்சியில் சக கலைஞர் ஒருவரின் முதுகில் கீறி, கசிந்த இரத்தத்தைக் காகிதத் துவாலைகளில் ஒற்றிப் பார்வையாளர்களின் தலைக்கு மேல் கயிற்றில் ஓடவிட்டார். அந்தக் கலைஞருக்குத் தொற்று இல்லை. ஆனால் நோய் இரத்தம் மக்கள்மேல் சொட்டியது என்ற வதந்தி பரவி, சுமார் 150 டாலர் அரசு மானியம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்ச் சண்டையானது. பார்க்கக் கூசும் நிகழ்ச்சிதான். ஆனால் செபஸ்தியார் கொள்ளைநோய்க் காலத்துப் புனிதர். இயேசுவின் முகம் ஒற்றிய வெரோனிக்காளின் துணி ரோமில் இடைக்கால யாத்திரிகர்களைத் திரள்திரளாக இழுத்த பொருள். நோய் தீண்டிய உடலை யாரும் தொட அஞ்சிய ஆண்டுகளில், உடலின் தடம் பட்ட துணியை உயர்த்திக் காட்டியவர் அந்தப் படிமங்களை அறியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது.

தவிர, சுத்தமான பக்தியில் மட்டுமே பழைய படிமங்கள் விளைந்தன என்பதும் பின்னாளில் கட்டிய கதை. ஆன்ஜே திரையில் உலகமே அழிகிறபோதும், மேலே பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் இறகில் லூயியின் குலச் சின்னமும் அவர் மனைவியின் பிரிட்டனி நாட்டுச் சின்னமும் நெய்யப்பட்டிருக்கின்றன. யார்க்கின் துணி வணிகர்களுக்கு அந்தச் சிவப்பு டமாஸ்க் பக்தியாகவும் இருந்தது, கடை விளம்பரமாகவும் இருந்தது. நடிப்பது கடவுளைக் கேலி செய்வதாகும் என்ற குற்றச்சாட்டும் நேற்று முளைத்ததன்று; 14ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, சமயச் சீர்திருத்தம் கோரிய விக்கிளிஃபின் வழிவந்தவர்கள் புனித நாடகங்களைச் சாடி இங்கிலாந்தில் ஒரு நூலே எழுதினார்கள். அரசியலும் பெருமையும் வியாபாரமும் கண்டனமும் அன்றே கூட இருந்தன. இன்றைய கலைஞரிடம் மட்டும் கலப்பில்லாத மனத்தைக் கேட்பது நியாயமாகாது.

கைவேலை பற்றிய ஆட்சேபம் வேறு வகை. பெர்ரியும் ஸ்மித்தும் ஒரு நூலைக்கூட நெய்யவில்லை, கணினி நெய்கிறது என்பார்கள். ஹென்னகனும் நெய்யவில்லை என்பது அரைப் பதில். ஓவியர் வரைய, பிறர் நெய்வதுதான் அன்றும் வழக்கம். கணினித் தறியின் முன்னோடியோ 1800களின் தொடக்கத்தில் லியோனில் வந்த ஜக்கார்டு. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலையில் இன்றும் உட்கார்ந்திருக்கும் அதே ஜக்கார்டுதான். ஆனால் மீதிப் பாதி ஆட்சேபம் நிற்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் பலர் கையில் வளரும் துணிக்கும், கோப்பை ஏற்றியதும் மளமளவென்று இறங்கும் துணிக்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் ஒரு கூட்டமே அந்தப் படிமத்தோடு வாழ்ந்திருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோவின் ‘இரவு விருந்து’ இந்த விஷயத்தில் வலுவானது. 1979இல் முதலில் காட்சிக்கு வந்து இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த முக்கோண மேசையின் ஒவ்வொரு பக்கத்திலும் 13 இடங்கள், இறுதி இராவுணவின் எண்ணிக்கை. உட்காருபவர்கள் 39 பெண்கள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி பிங்கன் நகர ஹில்டகார்டுக்கும் அதில் ஓர் இடம். தட்டில் தேவாலயத்தின் வட்டக் கண்ணாடி ஜன்னல், கீழே அவர் கண்ட தரிசனம் பூத்தையலில். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், அந்தந்த நூற்றாண்டின் தையல்முறையைப் படித்துக்கொண்டு தைத்தார்கள். பெயர் என்னவோ சிகாகோவுக்குத்தான் போனது. ஹென்னகன், பத்தாய் பெயர்கள் மிஞ்சி, தறியில் உட்கார்ந்தவர்கள் பெயர் தொலைந்த கதையும் இதுதான்.

எனக்கே உறுத்தும் ஆட்சேபம் ஒன்று பாக்கி. அலீஸின் ஊர்வலம் ஒரே ஒருமுறை நடந்தது. இன்று நாம் காண்பது அதன் வீடியோவை, அதுவும் அருங்காட்சியகத்தில். திரும்பி வந்த படிமம் மறுநாளே மறுபடி சுவருக்குப் போய்விட்டால் திரும்பியதாகச் சொல்லலாமா? இதற்குக் கலைஞர் மட்டும் பதில் சொல்ல முடியாது. திருவிழாவைத் திருவிழாவாக்குவது அடுத்த ஆண்டும் அது வரும் என்பதும், பல்லக்குத் தூக்க ஆள் தயாராக இருப்பதும். இயக்குநர் மிலோ ராவ் 2019இல் தென் இத்தாலியின் மத்தேரா நகரில் ‘புதிய நற்செய்தி’ படத்துக்காக நடத்திய பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளின் நாடகம், இதை உணர்ந்திருந்தது. இயேசுவாக நடித்தவர் கேமரூன் நாட்டவரான இவான் சன்யே, 2011இல் தக்காளித் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். சீடர்கள் அகதிகளும் கூலித் தொழிலாளர்களும். அவர்களின் உரிமைப் போராட்டமும் படப்பிடிப்பும் பின்னிக்கொண்டே நடந்தன. சங்கத்துக்கு ஒரு காட்சி என்ற யார்க்கின் பழைய முறைக்கு நேரடி வாரிசு இது. யார்க்கிலும் 1951இல் நாடகம் உயிர்பெற்றபோது ஒரு பாழடைந்த மடாலயத்தில் நிலையான மேடைதான். 1998இலிருந்து ஊர்ச் சங்கங்களே மறுபடி பொறுப்பேற்று, நான்காண்டுக்கு ஒருமுறை வண்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தன. இறுதித் தீர்ப்பை நடத்துவது அன்றைய துணி வணிகர் சங்கத்தின் வழிவந்த அமைப்பு. கலைஞன் என்று எவர் பெயரும் பலகையில் பெரிதாக இல்லாத இந்த ஏற்பாட்டை, அலீஸின் ஊர்வலத்துக்கும் மேலே வைக்க நான் தயங்க மாட்டேன்.

பாரிஸ் போகிற வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்ஜே அங்கிருந்து வேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கோட்டையில் பழைய திரை இருக்கிறது. மேன் ஆற்றைக் கடந்தால் பழைய புனித யோவான் மருத்துவமனைக் கட்டடத்தில் லூர்சாவின் பத்துத் திரைகள். பெரும்பாலான பயணிகள் கோட்டையை முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். நீங்கள் லூர்சாவை முதலில் பாருங்கள். கோட்டைக்குப் பிறகு வாருங்கள்.